புதிய எஞ்சினும் பழைய வயரும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் ஆழத்தையும் அமைதியையும், அதனை அடைவதற்குப் பல நாட்டார் செய்த போர்களையும் எடுத்துரைப்பர். அத்துறைமுகத்தைச் சூழ்ந்த வீதிகளில் இன்றும் ஓடும் பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசுவார் அரியர். பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் இத்தளத்தை இலங்கையிடம் கையளித்துச் சென்றது. அந்நாளில் நம் நாட்டு வீதிகளில் மிகுதியாகக் காணப்பட்டவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய ஆங்கில வண்டிகளே. கப்பல்கள் சென்றுவிட்டன, வண்டிகள் சில நம்மோடு தங்கிவிட்டன.

தங்கிய வண்டிகளின் உடல் உறுதியானது. ஆயினும் எஞ்சின் தேய்கிறது. உதிரிப்பாகம் கிடைப்பதும் அரிதாகிறது. அப்பொழுது உரிமையாளர் செய்வது யாது? யப்பானிய எஞ்சின் ஒன்றை வாங்கி, ஆங்கில உடலினுள் பொருத்திக்கொள்கிறார். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், இருப்பதைப் பேணி ஓட்டுவதே பலருக்கு வழியாயிற்று.

எஞ்சினைப் பொருத்துவது இரும்பு வேலை; கண்ணுக்குத் தெரியும் வேலை. அது நிறைவுற்றபின் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்ப மறுக்கிறது. அல்லது கிளம்பிய கணமே நின்றுவிடுகிறது. அல்லது இரவில் நன்றாயிருந்த பற்றரி காலையில் வெறுமையாகிக் கிடக்கிறது. உடனே எஞ்சின்மீது பழி விழுகிறது. பற்றரி மாற்றப்படுகிறது, ஸ்டார்ட்டர் மாற்றப்படுகிறது. பணம் கரைகிறது; குறையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. விடியுமுன் மீன்பெட்டி ஏற்றப் புறப்படுபவருக்கும், மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் கடந்து நோயாளியைத் திருகோணமலை மருத்துவமனைக்குக் கொண்டுவருபவருக்கும் இது சிறு தொல்லை அன்று. சூடேறிய வயர் ஒன்று வண்டியையே எரித்துவிடவும் கூடும்.

ஆகவே இன்று நாம் ஆராயப் புகுவது, எஞ்சின் மாற்றிய வண்டியில் மின்வழிக் குறையை முறையாகக் கண்டுபிடிப்பது எங்ஙனம் என்பதாகும். அதற்கு ஒரே ஓர் உண்மையை மனத்திற் கொண்டாற் போதும். பற்றரியிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் பற்றரிக்கே திரும்பி வரவேண்டும். போகும் வழியை எல்லாரும் பார்க்கிறார்கள். திரும்பும் வழியைப் பார்ப்பவர் சிலரே. எஞ்சின் மாற்றத்தின்போது பெரும்பாலும் அறுந்துபோவது அத்திரும்பும் வழியேயாகும்.

மோட்டார் வண்டியில் திரும்பும் வழிக்கெனத் தனி வயர் பெரும்பாலும் இல்லை. வண்டியின் இரும்புடலே அவ்வழியாகப் பயன்படுகிறது. இதனையே கராஜ்களில் ‘எர்த்’ என்கின்றனர். 1960களின் நடுப்பகுதிவரை செய்யப்பட்ட ஆங்கில வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் பற்றரியின் நேர் முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. யப்பானிய எஞ்சினோடு வரும் ஆல்ட்டர்னேட்டரோ மறை முனை உடலோடு இணைந்திருப்பதையே வேண்டி நிற்கிறது. பழைய முறைப்படியே பற்றரியை இணைத்துவிட்டால், ஆல்ட்டர்னேட்டரினுள் இருக்கும் டயோடுகள் கணப்பொழுதிற் கருகிப்போகும்.

எனவே முதல் வேலை, முனைகளை மாற்றுவதாகும். பற்றரியின் நேர் முனைக்கம்பம் சற்றுப் பருத்தது. மறை முனைக்கம்பம் சற்று மெலிந்தது. ஆதலின் பழைய பிடிகள் இடம்மாறியபின் ஒன்று இறுகும், மற்றொன்று தளரும். இறுகுவதைச் சுத்தியலால் அடித்து இறக்குவதும், தளர்வதற்குத் தகட்டுத் துண்டு செருகுவதும் கூடா. புதிய பிடிகளைப் போடுதலே முறை. அம்மீட்டர் இருப்பின் அதன் இரு வயர்களையும் இடம் மாற்றுக. பழைய ரேடியோவைத் தக்கார் ஒருவர் பாராமல் மீண்டும் இணைக்கற்க. விளக்குகளுக்கு இம்மாற்றத்தால் ஊறு எதுவும் இல்லை.

இரண்டாவது வேலை, எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள பாலத்தைத் தேடுவதாகும். எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மீது அமர்ந்திருக்கிறது. இறப்பர் மின்னைக் கடத்தாது. ஆதலால் எஞ்சினையும் உடலையும் பின்னிய செப்புப் பட்டி ஒன்று இணைக்கவேண்டும். பழைய எஞ்சினைக் கழற்றும்போது கழற்றிய பட்டி, புதியதைப் பூட்டும்போது மூலையிற் கிடந்து மறக்கப்படுகிறது. அப்பொழுது ஸ்டார்ட்டரின் பெருமின்னோட்டம் வேறு வழி தேடுகிறது. சோக் கேபிளும் அக்சலரேட்டர் கேபிளுமே அதற்குக் கிடைக்கும் வழிகள். சாவியைத் திருப்பும்போது அக்கேபிள் சூடேறுமாயின், வேறு சான்று வேண்டா. எர்த் பட்டி இல்லை, அல்லது இருந்தும் பயனில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். யேர்மானிய அறிஞர் ஓம் 1827ஆம் ஆண்டு வெளியிட்ட விதியின்படி, மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்கினால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். துருப்பிடித்த இணைப்பு ஒன்றின் தடை ஓர் ஓமில் நூறில் இரண்டு பங்கே என்றாலும், இழப்பு 3 வோல்ட் ஆகிறது. பன்னிரண்டில் மூன்று போனால் ஸ்டார்ட்டர் முனகுமேயன்றிச் சுழலாது. அதே இணைப்பின் வழியே அரை அம்பியர் இழுக்கும் சிறு விளக்கு ஒன்றை எரித்தால், இழப்பு நூறில் ஒரு வோல்ட்டே. விளக்கு பிரகாசமாக எரியும். அதனைக் கண்டு, ‘கரண்ட் வருகிறது, இணைப்பில் குறையில்லை’ என்று முடிவுகட்டுவோர் பலர். சோதனை விளக்கு ஏமாற்றும் இடம் இதுவே.

ஆகவே பாரம் ஏற்றியே அளக்கவேண்டும். மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் மறைக் கம்பத்திலும், மறு முனையை எஞ்சினின் தூய இரும்பிலும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுக. அரை வோல்ட்டுக்கு மேற் காட்டுமாயின், குறை திரும்பும் வழியிலேயே இருக்கிறது. அதன்பின் ஒரு முனையை நேர்க் கம்பத்திலும், மறு முனையை ஸ்டார்ட்டரின் பெருவயர் முனையிலும் வைத்து அவ்வாறே அளந்தால், போகும் வழியின் நிலை தெரியும். இந்த இரண்டு அளவுகளும் ஐந்து நிமிட வேலை. இவற்றை எடாமல் ஸ்டார்ட்டரை விலைகொடுத்து வாங்குதல் வீண்செலவு.

இனி, அடிக்கடி காணப்படும் வேறு சில குறைகளைப் பார்ப்போம். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் ஓடுகிறது. கையை எடுத்ததும் நின்றுவிடுகிறது. இது பெற்றோல் குறை போலத் தோன்றும், பெரும்பாலும் அன்று. சில எஞ்சின்களின் கொயில் 12 வோல்ட்டிலும் குறைந்த அழுத்தத்தில் இயங்குமாறு செய்யப்பட்டது. ஓடும்போது ஒரு தடைக்கம்பியின் வழியாகவும், கிளப்பும்போது மட்டும் நேராகவும் அதற்கு மின் வரும். தடைக்கம்பியின் வழி இணைக்கப்படாவிடின், கை எடுத்ததும் கொயில் உயிரிழக்கும். இதனைத் தீர்ப்பதாக எண்ணி முழு 12 வோல்ட்டையும் நிலையாக இணைப்பவர் உளர். அவ்வண்டி அன்றைக்கு ஓடும். சில நாளிற் கொயில் கொதித்துக் கெடும்.

அடுத்தது, பற்றரி ஏறாமை. ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது அது 13.8க்கும் 14.4க்கும் இடையே நிற்கவேண்டும். நிற்கவில்லையெனின், ஆல்ட்டர்னேட்டரைக் கழற்றுமுன் டாஷ்போர்டிலுள்ள சிவப்பு விளக்கைப் பாருங்கள். பழைய டைனமோவில் அவ்விளக்கு அறிவிப்பாளன் மட்டுமே. பல ஆல்ட்டர்னேட்டர்களிலோ அதன் வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டமே உள்ளிருக்கும் காந்தத்தை எழுப்புகிறது. மின்குமிழ் கருகியிருந்தால் ஆல்ட்டர்னேட்டரும் உறங்கும். ஒரு மின்குமிழின் விலையில் முடியும் குறைக்கு, ஆல்ட்டர்னேட்டரின் விலை கொடுக்கவேண்டியதில்லை.

சாவியை எடுத்தும் எஞ்சின் நிற்காமை, வண்டி நின்றிருக்கையிற் பற்றரி வடிதல் ஆகிய இரண்டும் பெரும்பாலும் அதே சிறு வயரைத் தவறான இடத்தில் இணைத்ததால் வருவன. அவ்வயர் சாவியால் அடைபடும் வழியிலிருந்து வரவேண்டும். பற்றரியிலிருந்து நேராக வருதல் ஆகாது. நடுவில் மின்குமிழ் இல்லாமல் வெறும் வயரால் இணைத்தால், சாவியை எடுத்தபின்னும் ஆல்ட்டர்னேட்டரே கொயிலுக்கு மின் ஊட்டும். அரை அம்பியர்க் கசிவுதானே என்று இகழற்க. 40 அம்பியர்-மணிப் பற்றரியை அது நான்கு நாளுக்குள் முற்றாக வெறுமையாக்கும்; ஸ்டார்ட்டரைச் சுழற்றும் வலிமை அதற்கு முன்னரே போய்விடும்.

மேலும், பழைய லூக்காஸ் டைனமோ ஏறக்குறைய 22 அம்பியரே தரவல்லது. வண்டியின் பழுப்பு நிறப் பெருவயரும் அவ்வளவிற்கே ஏற்றது. ஆல்ட்டர்னேட்டரோ அதனினும் இரு மடங்கு தரும். ஒரே வயரில் மின்னோட்டம் இரு மடங்கானால், பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். எனவே ஆல்ட்டர்னேட்டரிலிருந்து பற்றரிக்குப் புதிய தடித்த வயர் இடுதல் கட்டாயம். மொறிஸ் மைனரில் உருகிகள், அதாவது பியூஸ்கள், இரண்டே உள. தலைவிளக்குகள் அவற்றின் காவலில் இல்லை. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு வழிக்கும் தனி உருகி வைத்தல் அறிவுடைமை. உருகி எரிந்தால் காரணத்தைத் தேடுக. அதனினும் பெரிய உருகியைத் தேடற்க. எரிந்த உருகி வண்டி எரியாமற் காத்த உருகியாகும்.

இவையெல்லாம் எவ்வூருக்கும் பொருந்துவன. திருகோணமலைக்கு உரிய பகைவன் வேறொருவன் உளன், அவன் கடற்காற்று. உப்புவெளி என்ற ஊர்ப்பெயரே அதற்குச் சான்று கூறுவது போல் இருக்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பைப் பச்சைக் களிம்பாக்குகின்றன. அக்களிம்பு வயரின் உறைக்குள்ளே ஊர்ந்து செல்லும். வெளியே வயர் புதிதாகத் தோன்றும். வெறுமனே முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு, எஞ்சின் வெப்பத்தில் நாடாவின் பசை இளகியபின் ஒரு வடகீழ்ப் பருவமழையையும் தாங்காது. கறுத்த செம்பை வெட்டி நீக்கிப் பளபளப்பான செம்பு தெரியும்வரை செல்லவேண்டும். ஈயம் பற்றவைத்தோ, முனைக்கொளுவியை இறுக நெரித்தோ இணைத்து, மேலே உறை இடவேண்டும். எர்த் பட்டி அமரும் இடத்திற் சாயத்தைச் சுரண்டி, இரும்பு மின்னும்போது பூட்டி, அதன்மேற் கிறீஸ் தடவுதல் நன்று. ஆண்டுதோறும் ஒக்டோபரில் மழை தொடங்குமுன் அந்த ஆணியைக் கழற்றித் துடைத்துப் பூட்டுபவர், மார்கழியில் நடுவீதியில் நிற்கமாட்டார்.

வேலை தொடங்குமுன் பற்றரியின் எர்த் முனையை முதலிற் கழற்றுக. முடிந்தபின் அதனையே இறுதியிற் பூட்டுக. இவ்வாறு செய்தால், சாவிக்கருவி தவறி உடலில் பட்டாலும் தீப்பொறி பறவாது. செய்த மாற்றம் ஒவ்வொன்றையும், எந்த நிற வயர் எங்கே செல்கிறது என்று, ஒரு தாளில் வரைந்து வண்டியிலேயே வையுங்கள். ஆங்கில வண்டியில் வெள்ளை நிறம் சாவியின் வழிவருவது, பச்சை அதன்பின் உருகி கடந்து வருவது, கறுப்பு எர்த். யப்பானிய எஞ்சினின் வயர்களுக்கு இந்நிறமுறை பொருந்தாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், வருங்காலத்தில் வேலைசெய்யப்போகும் ஒருவருக்கு அந்தத் தாளே மொழிபெயர்ப்பாளராக நிற்கும். புதிய எஞ்சினின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவு செய்தலையும் மறவற்க.

நேயர்களே! குறை கண்டுபிடித்தல் ஊகத்தின் வேலை அன்று, வரிசையின் வேலை. முதலில் முனை, அடுத்து எர்த், அதன்பின் அளவு, இறுதியிலேயே புதிய பொருள். இவ்வரிசை தவறாமற் செல்பவரின் கைப்பணம் மிஞ்சும்; அவர் வண்டியும் வேண்டிய வேளையிற் கிளம்பும்.