குரல் இறங்கிய கதை

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஓர் இரவுக் கச்சேரி. பாடகர் தோடி ராகத்தைக் கீழ் ஸ்தாயியில் நுணுக்கமாக விரித்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுவிட்டது. முன்வரிசையினருக்கு இசை கேட்டது. பின்னால் மணலில் இருந்த எங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் அவருடைய வாயசைவு மட்டுமே தெரிந்தது. "கிட்டப்பாவாக இருந்தால் தேரடி வரை கேட்டிருக்கும்" என்றார் என் பாட்டனார். அதில் சிறிது மிகை உண்டு, பொய் இல்லை.

எஸ். ஜி. கிட்டப்பா (1906-1933) நாடக மேடையில் வளர்ந்தவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் பாட்டுப் போய்ச் சேர வேண்டும். தாழ்ந்த ஒலி கூட்டத்தின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். உயர்ந்த ஒலியோ அதனைக் கிழித்துச் செல்லும். ஆதலின் அக்காலத்து ஆண் பாடகர் பலர் நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் பாடினர். விடியுமுன் எழுந்து அகார சாதகம் செய்து, அதற்கேற்ற தொண்டையை உருவாக்கிக்கொண்டனர். அன்று பாணியை வகுத்தது ரசனை மட்டுமன்று, கொட்டகையின் நீளமும்தான்!

1930-களில் ஒலிபெருக்கி மேடையேறியது. ஆண்குரல்கள் படிப்படியாக ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு இறங்கின. எம். டி. ராமநாதன் (1923-1984) அதனினும் தாழ்ந்த சுருதியில், மிக நிதானமாகப் பாடிப் புகழ் பெற்றார். அவருடைய மந்தர ஸ்தாயிக் கமகங்களை ஒலிபெருக்கியின்றிப் பெரிய அரங்கில் எவர் கேட்டிருக்க முடியும்?

கருவி மட்டுமே காரணம் என்று கூறிவிடலாகாது. அரசவையும் ஜமீனும் புரவலராக இருந்த நிலை மாறி, நகரத்துச் சபாக்களில் கட்டணம் செலுத்திக் கேட்போர் பெருகினர். சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் தோன்றியது. மாலையில் வந்து இரவே வீடு திரும்பும் இவர்களுக்குப் பல உருப்படிகள் வேண்டும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) வர்ணத்தில் தொடங்கித் துக்கடாக்களில் முடியும் கச்சேரி முறையை நிலைநிறுத்தினார். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடமே ஓடிய இசைத்தட்டும் சுருங்கப் பாடும் திறனைக் கேட்டது.

பழைய குரல்வளம் அழிந்ததென வருந்துவோர் உளர். அவ்வருத்தம் எனக்கும் உண்டு. ஒலிபெருக்கியை நீக்கினால் வகுப்பறையின் பின் இருக்கைக்குக்கூடக் கேளாத இளங்குரல்களைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குச் சாதகம் போதவில்லை. ஆயினும் மென்மையைக் குறையென்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

வீதிக்கென்றே பிறந்த நாகசுரமும் இம்மாற்றத்துக்குத் தப்பவில்லை. குட்டையான, உரத்த திமிரிக்குப் பதிலாக, நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாகசுரத்தைப் பரவச் செய்தவர் டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அவரைக் கேட்ட பின் என் பாட்டனார் திமிரியைத் தேடியதில்லை.