ஹெல்மெட்டுக்குள் நரகம்! தெரியுமா?

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் கடந்து ஏற்காடு ஏறுகிறவர் தலையில் இருக்கும் ஹெல்மெட்டும், ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் ‘ஹெல்’லும் உறவுக்காரர்கள், தெரியுமா? மூடு, மறை என்று பொருள்படும் ‘கெல்’ என்ற பழைய இந்தோ-ஐரோப்பிய வேர்தான் இரண்டுக்கும் தாய். தலையை மூடுவது ஹெல்மெட். செத்தவர்களை மூடி மறைக்கும் இடம் ஹெல். நம் வீட்டு ஹாலும் அதே குடும்பம்!

அந்த வேரில் நெருப்பே இல்லை என்பதுதான் அதிசயம். நெருப்பு எருசலேமிலிருந்து வந்தது. அந்நகரை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டார்கள் என்கிறது பைபிள். அந்தப் பள்ளத்தாக்கின் பெயரில் பிறந்த ‘கெஹன்னா’வை ஆங்கிலத்தில் ஹெல் என்றார்கள். தமிழ் பைபிளில் அது எரிநரகம்.

வடக்கு ஐரோப்பாவிலோ கதை தலைகீழ்! 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதியபடி, ஹெல் என்பவள் செத்தவர்களை ஆளும் பெண். அவள் இருப்பிடம் நிஃப்ல்ஹெய்ம், அதாவது மூடுபனி உலகம். மார்கழியில் பத்தடி தள்ளி வருகிற பஸ்கூடத் தெரியாதே, அந்த ஏற்காட்டுப் பனிதான் அவர்களுக்கு நரகம்! சேலத்து வெயிலுக்குத் தப்பி நாம் ஆசையாய்த் தேடி ஓடுவதும் அதே பனியைத்தான்.

தமிழில்? நரகமும் நிரயமும் வடமொழி வழி வந்தவை. சேர மன்னன் ஒருவனுக்குப் புலவர் நரிவெரூஉத்தலையார் அறிவுரை சொல்லும் புறநானூற்று 5-ஆம் பாட்டிலேயே நிரயம் வந்துவிட்டது. வள்ளுவர் எடுத்ததோ ‘அளறு’. அதற்குச் சேறு என்று பொருள். தீயில் வேகிற நரகத்தைவிட, காலை வைத்தால் உள்ளே இழுத்துக்கொண்டே போகிற இந்தச் சேற்று நரகம்தான் எனக்கு அதிக பயம் தருகிறது. 255, 835, 919 ஆகிய குறள்களைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று கேளுங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட் பாறை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் உருவானது. பாதாளத்தில் வெந்த பாறை இன்று மலையாக நிற்கிறது! கொல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியல் அறிஞர் ஹாலண்ட், 1893-இல் சார்னாக்கின் பெயரையே இந்தப் பாறைக்குச் சூட்டினார்.

அந்த மலையின் உச்சியில், 5000 அடிக்கு மேலே, சேர்வராயன் கோயில் இருப்பது ஒரு குகைக்குள். இருண்ட, தாழ்வான குகை. தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். அந்த வழி காவிரி வரை போகிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. மூடி மறைந்த இடத்தைச் செத்தவர் உலகம் என்று ஐரோப்பா அழைத்தது. இங்கே அதே மறைவிடத்தில் சேர்வராயனும் காவேரி அம்மனும் குடியிருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு, மலையாளி என்று அழைக்கப்படும் இம்மலைப் பழங்குடியினர் ஊர் ஊராகத் திரண்டு வருகிறார்கள்.