பையன் கேட்கும் 'கேமிங்' கம்ப்யூட்டர்: பாகம் பார்த்து வாங்குவது எப்படி?

திருப்பூரில் தீபாவளி போனஸ் கைக்கு வருவதற்கு முன்பே அதற்குச் செலவு எழுதப்பட்டு விடும். மகளுக்குத் தோடு, மாமியாருக்குப் புடவை, சீட்டுப் பாக்கி, ஊருக்குப் போக பஸ் செலவு... இந்த வரிசையில் சில வருஷங்களாகப் புதிதாக ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. "ஏம்மா, இந்தத் தடவை ஒரு கேமிங் பி.சி. வாங்கிக் குடும்மா!"

"விளையாடறதுக்கு அத்தனை பணமா? படிக்கிற புள்ளைக்கு எதுக்கு சாமி அது?" என்று ஒரேயடியாக மறுத்து விடும் தாய்மார்கள் உண்டு. நச்சரிப்புத் தாங்காமல், கடைக்காரர் எடுத்து வைத்த பெட்டியைக் கண்ணை மூடிக் கொண்டு வாங்கி வருகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்தினரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஓவர்லாக் மிஷின் வாங்கப் போனால் மோட்டார் யாருடையது, டேபிள் சேர்த்தா, சர்வீசுக்கு ஆள் வருவாரா என்று நாலு கேள்வி கேட்கிற நாம், கம்ப்யூட்டர் கடையில் மட்டும் வாயே திறப்பதில்லை. பையனுக்குத் தெரியும் என்று விட்டு விடுகிறோம். பையனுக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோவில் பார்த்த பெயர்கள்தான். பாதிப் பணம் கலர் கலராக எரிகிற விளக்குக்கே போய் விடுகிறது!

ஒன்றைச் சொல்லி விடுகிறேன். விளையாட்டுக்கு என்று வாங்குகிற பெட்டி விளையாட்டோடு நின்று விடாது. பனியனில் பிரிண்ட் போடுகிற படத்தை வரைவதற்கும், எம்பிராய்டரி டிசைனை மிஷினுக்கு ஏற்றபடி மாற்றுவதற்கும், பேட்டர்ன் போடுவதற்கும் இதே மாதிரி வேகமுள்ள கம்ப்யூட்டர்தான் தேவை. பின்னலாடை டிசைனைக் கல்லூரியிலேயே படிக்க வழி இருக்கிற ஊர் இது. ஆகவே மகள் கேட்டாலும் மகன் கேட்டாலும், 'வெட்டிச் செலவு' என்று உடனே முத்திரை குத்தி விட வேண்டாம்.

முதல் கேள்வி விலை அல்ல

கடைக்குப் போவதற்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்து, "நீ என்ன விளையாட்டு ஆடப் போறே? பேரை எழுதிக் குடு கண்ணு" என்று கேளுங்கள். 'வேலரன்ட்', 'மைன்கிராஃப்ட்' என்று எழுதினால் உங்கள் செலவு குறைவு. இவை சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடக் கூடியவை. 2013-ல் வந்த 'ஜி.டி.ஏ. 5' கூடப் படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் ஓடி விடும். (அந்த விளையாட்டு பெரியவர்களுக்கானது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் அதை எழுதிக் கொடுத்தால் நீங்கள் வேறு பேச்சுப் பேச வேண்டியிருக்கும்.) போன வருஷம், இந்த வருஷம் வந்த பெரிய பெரிய விளையாட்டுகள் என்றால்தான் கிராஃபிக்ஸ் கார்டு என்ற விலை கூடிய சமாசாரம் தேவைப்படும்.

இங்கேதான் நம்முடைய பனியன் கம்பெனி அனுபவம் கை கொடுக்கிறது. ஒரு லைனில் ஓவர்லாக் மணிக்கு 100 பீஸ் தைத்துத் தள்ளுகிறது. அடுத்து உட்கார்ந்திருக்கும் பேட்லாக் 40 பீஸ்தான் முடிக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் செக்கிங் மேஜைக்கு எத்தனை வரும்? நாற்பதுதானே! கம்ப்யூட்டரிலும் அதே கணக்கு. பிராசஸர் என்பது கணக்குப் போடுகிற பாகம். கிராஃபிக்ஸ் கார்டு திரையில் படம் வரைகிற பாகம். ஒன்றை ராஜா மாதிரி வாங்கி, மற்றதை ஏனோதானோ என்று வாங்கினால் ராஜாவும் சும்மா உட்கார்ந்திருப்பார். விளையாட்டுக்கு மட்டும் என்றால், மொத்தப் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலாகக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கலாம்.

கையிலிருக்கும் பணம் குறைவு என்றால் கார்டே இல்லாமல் ஆரம்பிக்கலாம். ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 5 5600ஜி என்ற பிராசஸர் 2021-ல் வந்தது. படம் வரைகிற பாகமும் அதற்குள்ளேயே இருக்கிறது. எளிய விளையாட்டுகளுக்கு அது போதும். அடுத்த போனசில் கார்டு மட்டும் வாங்கிச் செருகிக் கொள்ளலாம். தவணை முறையில் வீடு கட்டுகிற மாதிரி! புது ரகம் வேண்டுமென்றால் 2024-ல் வந்த 8600ஜி இருக்கிறது; படம் இன்னும் நன்றாக வரும். ஆனால் அதற்கான போர்டும் மெமரியும் வேறு ரகம், விலையும் கூடுதல்.

ஒரு எழுத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. இன்டெல் ஐ3 12100எஃப் நல்ல பிராசஸர், விலையும் நயம். ஆனால் கடைசியில் நிற்கிற அந்த 'எஃப்' என்ற எழுத்துக்கு, உள்ளே படம் வரைகிற பாகம் கிடையாது என்று அர்த்தம். தனிக் கார்டு வாங்காமல் இதை மட்டும் வாங்கி வந்தால், விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

தனிக் கார்டு வாங்குவதானால் ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 போன்ற 8 ஜி.பி. கார்டு நடுத்தரப் பட்ஜெட்டுக்கு ஏற்றது. கடைக்காரர் 4 ஜி.பி. கார்டைக் காட்டி, "இதுவே தாராளங்க அக்கா" என்றால், பையன் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, "இதெல்லாம் ஓடுமா? ஓட்டிக் காட்டுங்க தம்பி" என்று கேட்டு விடுங்கள்.

நூல் விலை மாதிரி ஏறுகிற மெமரி

2022 மே மாதம் நூல் விலை ஏற்றத்தை எதிர்த்துத் திருப்பூரில் இரண்டு நாள் கதவடைப்பு நடந்தது ஞாபகமிருக்கிறதா? அதே மாதிரி ஒரு விலையேற்றம் 2025 கடைசியில் கம்ப்யூட்டர் மெமரியில் வந்தது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகம் முழுவதும் கட்டுகிற பெரும் கம்ப்யூட்டர் கூடங்களுக்கே மெமரி சில்லுகள் போய்ச் சேர, வீட்டுக்காரர்களுக்கு விலை தாறுமாறாக ஏறியது. 'குரூஷியல்' என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு மெமரி விற்று வந்த மைக்ரான் கம்பெனி, அந்த வியாபாரத்தையே விட்டு விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்து விட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் நான் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. எழுதினால் இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் பொய்யாகி விடும்! வாங்குகிற வாரத்தில் மூன்று கடையில் எழுதி வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

16 ஜி.பி. மெமரி வேண்டும். அதுவும் 16-ஆக ஒரே துண்டு வேண்டாம். 8, 8-ஆக இரண்டு துண்டு. இரண்டு குழாயில் தண்ணீர் பிடித்தால் குடம் சீக்கிரம் நிறைகிற மாதிரி வேகம் கூடும். 5600ஜி போலக் கார்டில்லாத பெட்டிக்கு இது மிக அவசியம். ஏனென்றால் படம் வரைவதற்கும் அந்த மெமரியைத்தான் பயன்படுத்துகிறது. பழைய ஹார்டு டிஸ்க் வேண்டவே வேண்டாம். எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். 500 ஜி.பி.யில் ஆரம்பித்துப் பின்னால் கூட்டிக் கொள்ளலாம்.

'இலவச' எஸ்.எம்.பி.எஸ். ஜாக்கிரதை!

கேபினெட் வாங்கினால் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி இலவசம் என்பார்கள். இந்த இலவசம்தான் வீட்டுக்கு வருகிற வினை. மேலே 500 வாட் என்று ஒட்டியிருக்கும். உண்மையில் பாதி கூடத் தாங்காது. அது வெடிக்கும்போது தனியாகப் போகாது, கார்டையும் போர்டையும் கூட்டிக் கொண்டு போகும். '80 பிளஸ்' முத்திரையுள்ள, பெயர் தெரிந்த கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள். 6600 கார்டுக்கு 450 வாட் வேண்டுமென்பது கம்பெனியின் கணக்கு. 550-ஆக வாங்கினால் நிம்மதி. விளக்கு அலங்காரத்தைக் குறைத்து அந்தப் பணத்தை இதில் போடலாம்.

கரண்ட் போய் வருகிற வீடானால் யு.பி.எஸ். வேண்டும். 600 வி.ஏ. என்று எழுதியிருந்தால் அது 600 வாட் இல்லை. பெரும்பாலும் 360 வாட்தான். ஆட்டத்தை நிறுத்தி ஒழுங்காக அணைப்பதற்கு மட்டுமே அது.

கரண்ட் பில்லையும் கணக்குப் போட்டு விடுவோம். கார்டுள்ள பெட்டியும் திரையும் ஆடும்போது ஏறத்தாழ 300 வாட் இழுக்கும். தினம் 3 மணி நேரம் என்றால் 0.9 யூனிட். இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். கார்டில்லாத பெட்டி இதில் பாதி கூட வராது. ஏற்கெனவே கட்டண வரம்பின் ஓரத்தில் இருக்கிற வீடானால் இந்த 54 யூனிட் உங்களை அடுத்த படிக்கு ஏற்றி விடும். பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

காதர்பேட்டைக் கண்ணோடு பழையது பார்ப்போம்

காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத் துணியைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை இல்லாததாகப் பொறுக்குகிற சாமர்த்தியம் நமக்கு உண்டு. பழைய கம்ப்யூட்டருக்கும் அந்தக் கண் வேண்டும். பழைய பிராசஸரும் மெமரியும் அவ்வளவாகக் கெடுகிற பாகங்கள் அல்ல. விலை படிந்தால் வாங்கலாம். கிராஃபிக்ஸ் கார்டுதான் யோசிக்க வேண்டியது. 'எத்தீரியம்' என்ற கம்ப்யூட்டர் காசை உண்டாக்க இந்தக் கார்டுகளை இரவு பகல் ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்த முறையே நின்று போய், ஓய்ந்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அரை மணி நேரம் விளையாட்டு ஓட்டிக் காட்டாமல் எந்தப் பழைய கார்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ். எந்த விலைக்கும் வேண்டாம்.

ஆபீசில் கழித்த பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்பார்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்து விட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். எனவே, "எத்தனாவது தலைமுறைங்க?" என்று கேட்பது முக்கியம். அந்தப் பெட்டி ஒல்லியாக இருந்தால் பெரிய கார்டு உள்ளே நுழையவும் நுழையாது.

புதுப் பாகமோ, பழையதோ, கோயமுத்தூரோ, சென்னை ரிச்சி தெருவோ, எங்கே வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறட்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால், வாரண்டிக்கு அலைகிற பஸ் செலவு அந்தக் குறைத்த தொகையை விழுங்கி விடும்.

உடம்பும் பொழுதும்

திரை கை நீட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியைக் கதவடைக்கிற அறையில் வைக்காமல் கூடத்தில் வைத்தால் பாதிப் பிரச்னை வராது. நைட் ஷிஃப்ட் போகிற வீடுகளில் இது இன்னும் முக்கியம்; பெற்றவர்கள் வேலைக்குப் போன பிறகுதானே பிள்ளையின் ஆட்டம் ஆரம்பிக்கிறது!

ஆசையோடு ஆடுவது வியாதி அல்ல. நிறுத்த முடியாமல், சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றையும் தள்ளி விட்டு, கெடுதல் தெரிந்தும் மாதக் கணக்கில் தொடர்ந்தால்தான் அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. 2022 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. பெங்களூர் நிம்ஹான்சில் இதற்கென்று 2014-லேயே தனி கிளினிக் தொடங்கினார்கள். தயங்காமல் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் பேசலாம்; தமிழிலேயே பேசுவார்கள்.

பணம் கட்டி ஆடுகிற ஆட்டம் வேறு சங்கதி. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதை நாடு முழுவதும் தடை செய்தது. விளையாட்டுக்குள் துப்பாக்கிக்கு வர்ணம் பூச, உடை மாற்ற என்று காசு கேட்பது தடையில் வராது. அதனால் உங்கள் பாங்க் கார்டையும் ஓ.டி.பி. வருகிற போனையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, நம்ம ஊருக்கென்றே உள்ள தொல்லை: பஞ்சு. வீட்டிலேயே மிஷின் போட்டிருந்தால், பக்கத்தில் பவர் டேபிள் ஓடினால், கண்ணுக்குத் தெரியாத பஞ்சுத் தூசி விசிறியில் மெத்தை மாதிரி படியும். பெட்டிக்குள் சூட்டைக் கடத்துவது செம்புக் குழாய்கள்தான். அனுப்பர்பாளையத்துப் பாத்திரம் பார்த்தவர்களுக்குச் செம்பின் குணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செம்பைச் சுற்றிப் பஞ்சு மூடினால் சூடு எங்கே போகும்? ஆகவே கழற்றிக் கழுவக் கூடிய வலை உள்ள கேபினெட்டாக வாங்குங்கள். தரையில் வைக்காமல் ஒரு முக்காலி மேல் வையுங்கள். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி விட்டு, விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக் கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும். கம்பெனியில் மிஷினுக்கு அடிக்கிற ஏர் கன்னைக் கொண்டு வந்து அடிக்கிறேன் என்று பையன் கிளம்பினால் தடுத்து விடுங்கள். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர்த் துளி கலந்து வரும். விசிறியும் கண்மண் தெரியாமல் சுற்றி உடைந்து போகும்.