தொழில் வழி மொழி: பலெர்மோவில் படித்த இத்தாலியன்

ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் பேரியம் நைட்ரேட் என்று யாரும் கேட்டதில்லை. ‘பச்சை உப்பு’ என்றால்தான் ஆள் எடுத்து வந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரும் எது எதோடு சேரக்கூடாது என்று கையாலேயே படித்திருக்கிறார். ஒரு மொழியையும் அப்படிப் படித்துவிட முடியுமா என்று கேட்டுப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். முடியும். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், ஈழத்துச் சனம் அதைத்தான் செய்தது.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பின் நாட்டை விட்டுக் கிளம்பிய தமிழர்களில் ஒரு பகுதியினர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கிடைத்தது பெரும்பாலும் வீட்டு வேலை. கூட்டுவது, துடைப்பது, சமைப்பது, படுக்கையில் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்வது. வாத்தியார் கிடையாது. அதனால் மொழி முதலில் ஏவலாகவே வந்தது. ‘வியேனி’ என்றால் வா, ‘பிரெந்தி’ என்றால் எடு. அக்வா, பானே, சாலே: தண்ணீர், ரொட்டி, உப்பு. பொருள் கைக்கு வரும்போதே பெயரும் கூட வந்துவிடும். எண்கள் பல்லாரோ சந்தையில் விலை கேட்டே பழகின. ஆனால் அங்கே கடைக்காரர் கூவுவது புத்தக இத்தாலியன் அல்ல, சிசிலி மொழி. வீட்டுப் பாட்டியும் கோபம் வந்தால் அதற்குத்தான் தாவுவார். எது எந்த மொழி என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாமல் இரண்டையும் சேர்த்தே விழுங்க வேண்டியிருந்தது.

தமிழ் நாக்குக்கு இத்தாலியன் அவ்வளவு அந்நியம் இல்லை. ‘பார்லோ’ என்றாலே நான் பேசுகிறேன். ‘நான்’ தனியாக வேண்டாம், வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். கொலைக்கும் கொல்லைக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு அங்கத்து இரட்டை மெய்யும் பிடிபடும். ‘பாலா’ மண்வாரி, ‘பல்லா’ பந்து. வயது சொல்லும்போது ‘அன்னி’யில் ஒரு ஒற்று விழுந்தால் சமாச்சாரம் ஆசனவாய்க்குப் போய்விடும். ஆங்கிலேயர்கள் வழுக்கி விழும் இடம் அது. நம்மவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். பாட்டி வேலைக்காரப் பெண்ணை ‘தூ’ என்று ஒருமையில் கூப்பிடுவார், இவர் பதிலுக்கு மரியாதையாக ‘லேய்’ என்பார். ‘நீ’யும் ‘நீங்க’வும் வீட்டிலேயே பழகியவருக்கு இதில் என்ன கஷ்டம்? கஷ்டமெல்லாம் பாலில்தான். அங்கே மேசை ஆண், நாற்காலி பெண். அஃறிணை என்று ஒதுக்கிப் பழகியவருக்கு வீட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டிய வேலை.

வேலைக்கு வெளியே மொழி பழக இடம் கொடுத்தது ஒரு புனிதை. 1624-இல் கொள்ளைநோய் தாக்கியபோது பலெர்மோவைக் காப்பாற்றியவர் என்று அந்த ஊர் நம்புகிற சாந்தா ரோசாலியா. பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் அவருடைய குகைக் கோயிலுக்குத் தமிழர்கள், கிறிஸ்தவர்களும் சைவர்களும் சேர்ந்தே, ஏறிப் போகிறார்கள். ஜூலை 14 இரவு ஊர்வலத்தில் எல்லாரோடும் சேர்ந்து ‘விவா பலெர்மோ எ சாந்தா ரோசாலியா’ என்று கத்தலாம். இலக்கணப் பிழை பார்க்க யாரும் இல்லை. முடிவில் கடலோரத்தில் வாணவேடிக்கை.

இவ்வளவு பழகியவர்களிடம்தான் அரசாங்கம் பரீட்சை கேட்டது. 2010 டிசம்பரிலிருந்து நீண்டகால வசிப்பு அனுமதிக்கு இத்தாலியனில் ஏ2 என்கிற அடிப்படை நிலை. 2018 டிசம்பரிலிருந்து குடியுரிமைக்கு அதற்கு அடுத்த பி1. அறிவிப்பை வாசி, கடிதம் எழுது, படிவம் நிரப்பு. மாத்திரைப் பெயர் அத்தனையும் நாக்கு நுனியில் வைத்திருப்பவர், வெள்ளைத் தாளைக் கண்டதும் திணறிப்போவார். முதலில் இது அநியாயம் என்றே எனக்குப் பட்டது. யோசித்தால் முழுக்க அப்படியும் இல்லை. சம்பளப் பாக்கி கேட்கவும் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் சமையலறை இத்தாலியன் போதாது. அந்த அளவோடு நின்றுபோனால் முதலாளி வீட்டுக்குத்தான் லாபம். பெரியவர்களுக்கென்று அரசே நடத்தும் கல்வி மையங்களில் வகுப்பு உண்டு. ஆனால் அன்றைய வேலை முடித்து, பஸ் பிடித்து, அங்கே போய் உட்காரவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

அதனால் பல வீடுகளில் அலுவலகத்துக்குக் கூடப் போய் அம்மாவுக்காகப் பேசுவது பள்ளிக்கூடம் போகும் மகள்தான். அவள் பேசுவது அசல் பலெர்மோக்காரியின் இத்தாலியன். அவளுடைய தமிழ் எப்படி இருக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.