உங்களுக்குத் தெரியுமா? சாண்கூட இல்லாத ஸ்பிட்ஃபயர்

இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயர். அதன் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். 72-இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி விமானத்தில் அது 15.6 செ.மீ.தான்! மாதிரியைச் செய்யப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் உதிரிகள் இந்த அளவுக்குக் கொஞ்சம் மொத்தை. விடாப்பிடிக்காரர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டு நுணுக்கங்களைத் தாங்களே செய்துகொள்வார்கள். இதற்கு ‘ஸ்கிராட்ச் பில்டிங்’ என்று பெயர்.

மெல்லிய தகடுகளுக்கும் இருக்கை வார்களுக்கும் சமையலறை அலுமினியத் தாளே போதும். அதன் தடிமன் சுமார் 0.016 மி.மீ. 72 மடங்காக்கிப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அசல் விமானத் தகடும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஏரியல் கம்பி செய்வதுதான் வேடிக்கை. உதிரிகள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே உருட்டிக்கொண்டே காட்ட வேண்டும். இளகித் தொய்ந்ததும் விலக்கி, இரு கையாலும் இழுத்தால் தலைமுடி போன்ற இழை கிடைக்கும். வேகமாக இழுத்தால் இன்னும் மெலிசு. சட்டத்தின் நிறமே இழைக்கும் வரும். அதனால் கறுப்புச் சட்டத்தை யாரும் குப்பையில் போடமாட்டார்கள்.

கருவிப் பலகையில் முள் காட்டும் வட்டங்களுக்குக் கண்ணாடி வேண்டுமே? ஊசி முனையால் வைத்த ஒரு சொட்டு வார்னிஷ்.