மெக்லிஹோஸ் நடைபாதை

மெக்லிஹோஸ் நடைபாதை என்பது ஹாங்காங்கில், நகர்ப்புறத்தை ஒட்டிய மலைத்தொடர்கள் வழியே செல்லும் 100 கிலோமீட்டர் நீளமான பாதையாகும். 1979 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதைக்கு அப்போதைய ஆளுநர் முரே மெக்லிஹோஸின் பெயர் சூட்டப்பட்டது. கிழக்கே பாக் டாம் சுங்கில் தொடங்கி, 957 மீட்டர் உயரமுள்ள டாய் மோ சான் மலையுச்சிக்கு அருகே சென்று, மேற்கே டுன் முன்னில் முடிவடைகிறது.

பகுதிகள்

பாதை 10 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இதனால் ஒரு விடுமுறை நாளில் ஒரு பகுதி என்ற முறையில், பல வாரங்களில் முழுப் பாதையையும் நடந்து முடிக்க இயலும்.

தொலைவுக் கம்பங்கள்

ஒவ்வொரு 500 மீட்டருக்கும் எண்ணிடப்பட்ட கம்பம் உள்ளது. வழிதவறியவரோ காயமுற்றவரோ அருகிலுள்ள கம்பத்தின் எண்ணைத் தெரிவித்தால், மீட்புக் குழுவினர் அவர் இருக்குமிடத்தை உடனே அறிவர். எனவே கடைசியாகக் கடந்த கம்பத்தின் எண்ணை நினைவிற் கொள்வது இன்றியமையாதது.