உங்களுக்குத் தெரியுமா? பால்மரம் வரைந்த சங்கிலி

1877-இல் பேராக், கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்றாகப் போற்றப்படும் முதிய மரம் இன்றும் அங்கே நிற்கிறது. நம் பாட்டிமார் விடியுமுன் மங்கு துடைத்துச் சேர்த்த பாலில் இருந்தது, ஐசோபிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி!

வரைந்து பாருங்கள்: கார்பனுக்கு நான்கு பிணைப்பு, ஹைட்ரஜனுக்கு ஒன்று. நான்கு கார்பன்களை வரிசையாக எழுதி, இரண்டாவதன் கீழே ஐந்தாவதைத் தொங்கவிடுங்கள். வரிசையின் இரு முனைப் பிணைப்புகளுக்கும் இரட்டைக் கோடு போடுங்கள். மீதி இடங்களில் ஹைட்ரஜனை நிரப்புங்கள். எட்டு வந்தால் சரி, அதுவே ஐசோபிரீன்.

பக்கம் மாறினால் குணம் மாறும்: சங்கிலியாகும்போது ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பே, அதுவும் நடுவில், மிஞ்சும். சங்கிலி அதன் ஒரே பக்கமாகத் தொடர்ந்தால் இழுபடும் ரப்பர். எதிரெதிர்ப் பக்கமாகத் தொடர்ந்தால் விறைப்பான கட்டாபெர்ச்சா. அதைத் தரும் தாபான் மரமும் மலாயாக் காட்டுப் பிள்ளையே.

கந்தகப் பாலம்: வெயிலில் பிசுபிசுக்கும் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டார். சங்கிலிகளுக்கிடையே கந்தக அணுக்கள் பாலமிடுகின்றன. டயர் உருவாவது அந்தப் பிணைப்பால்தான்.